வெள்ளைக் கல்லில் ஊதா எப்போது படரும்?

கேள்வி:

பாலக்கோடு அருகே இருக்கிறோம். பள்ளி நாளிலிருந்தே கப்பி, கோல்டு ஃபிஷ் என்று நன்னீர் மீன்தான் வளர்த்தேன். நான்கு மாதத்துக்கு முன் துணிந்து உப்புநீர் ரீஃப் டேங்க் வைத்தேன். மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கல்லும் மணலும் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். கல் எல்லாம் கடையில் வாங்கிய காய்ந்த வெள்ளைக் கல். இரண்டு கிளவுன் மீன், எட்டு நத்தை, ஒரு ஸ்கிம்மர், ஒரு வேவ் மேக்கர் இருக்கின்றன. போர் தண்ணீரை வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் வடித்து அதில்தான் உப்புக் கலக்கிறேன்.

முதலில் கல்லில் பழுப்பு படிந்தது, பிறகு பச்சை. படங்களில் பார்க்கிற ஊதாவும் இளஞ்சிவப்பும் மட்டும் வரவே இல்லை. அது கோரலைன் பாசி என்றும், ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் வந்துவிடும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். போன ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனபோது பாம்பன் கரையில் அதே நிறம் பூசியது போல் கற்கள் கிடந்தன. அடுத்த முறை நாலு கல்லை எடுத்து வந்து போட்டால் பரவுமா? எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்களே, அதுதான் தடுக்கிறதோ?

நேற்று எடுத்த அளவுகள்: உப்பு அடர்த்தி 1.023, கால்சியம் 360, கே.எச். 6.2, மெக்னீசியம் 1100, நைட்ரேட் 20, பாஸ்பேட் 0.25. காலையில் பி.எச். 7.8. வெப்பம் 27 டிகிரி. ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். 70.

— பாலக்கோடு வாசகர்

பதில்:

அளவுகளைக் குறித்து அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பாதிப் பேர் “பாசி வரவில்லை, என்ன ஊற்றலாம்” என்று மட்டும் கேட்பார்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. உங்கள் எண்களிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், உங்கள் தொட்டியில் கோரலைன் வராததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அதன் விதை உங்கள் தொட்டிக்குள் இன்னும் வரவே இல்லை. இரண்டு, வந்தாலும் ஓடு கட்டப் போதுமான சரக்கு தண்ணீரில் இல்லை. பாட்டில் மருந்து இந்த இரண்டில் எதையும் உருப்படியாகத் தீர்க்காது. பாம்பன் கல்லை எடுத்து வரவே கூடாது. ஃபுளோரைடு குற்றவாளி இல்லை.

கோரலைன் என்பது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. மற்ற பாசிகள் வழவழவென்றோ இழை இழையாகவோ இருக்கும். இது தன் உயிரணுச் சுவருக்குள்ளேயே கால்சியம் கார்பனேட்டைப் படிய வைத்துக் கல்லோடு கல்லாக இறுகிவிடும். அந்தச் சுண்ணாம்பில் மெக்னீசியமும் கணிசமாகக் கலந்திருக்கும். முற்றிய தொட்டி ஒன்றின் கண்ணாடியிலிருந்து பிளேடால் ஒரு செதில் சுரண்டி எடுத்து, அதன் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்: நுரை பொங்கும். பாசியா கல்லா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டும்தான்.

கடலில் இதற்குப் பெரிய வேலை இருக்கிறது. செத்த பவளத் துண்டுகளையும் சிப்பி ஓடுகளையும் அலை உருட்டிக்கொண்டு போகாமல் ஒட்டிப் பிடித்துத் திட்டாக்குவது இதுதான். அதைவிட முக்கியம், நீரில் மிதந்து வரும் பவளக் குஞ்சுகளில் பல இனங்கள் உட்கார இடம் தேடும்போது கோரலைன் படர்ந்த பரப்பைத்தான் நாடுகின்றன. அந்தப் பாசியும் அதன் மேல் வாழும் பாக்டீரியாக்களும் விடும் வேதிக்குறிப்பை அவை அறிந்துகொள்கின்றன. கோரலைன் இல்லாத மொட்டைக் கல்லில் புதுப் பவளம் ஊன்றுவது அரிது. உங்கள் தொட்டியிலும் இதே கணக்குதான். கோரலைன் பிடித்த இடத்தில் பச்சை இழைப்பாசி எளிதில் ஏற முடியாது. அது தன் மேல்தோலை அவ்வப்போது உரித்துத் தள்ளி, ஒட்ட வரும் பாசியையும் சேர்த்து உதறிவிடும். எனவே கோரலைன் அழகுக்காக மட்டும் அல்ல. தொட்டி நிலைப்பட்டதற்கு அதுதான் சான்று.

இப்போது பாம்பன் கல்லுக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது மன்னார் வளைகுடாவின் கரை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய திட்டுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் வளைகுடாவின் இந்தியப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. அந்தக் கரையில் பாசிகளைப் படிப்பது தமிழ்நாட்டின் பழைய மரபு. பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார் அந்தத் தீவுகளில் ஒன்றான குருசடையின் தாவரங்களைப் பற்றி 1927-இலேயே சென்னை அரசு அருங்காட்சியக ஏட்டில் எழுதினார். மண்டபத்தில் இன்றும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், கடற்பாசிக்கென்றே ஓர் ஆய்வு நிலையமும் இருக்கின்றன.

அதே கரையில்தான் பல தலைமுறைகளாகப் பவளக் கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் அனுப்பினார்கள். அலையைத் தடுத்த திட்டு போனதும் தீவுகளும் கரையத் தொடங்கின. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் இருக்கின்றன. 21 என்று நாம் எண்ணும் கணக்கில் அவையும் அடக்கம். இதற்குப் பிறகுதான் சட்டம் கடுமையானது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், கல் பவளங்கள் அனைத்தும் 2001-இல் முதல் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டை எடுத்து வந்தாலும் குற்றம்தான். “நாலு கல்தானே” என்று நினைக்காதீர்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அந்தக் கரைக்கு வருகிற கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு நாலு கல் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும்? தவிர, வெயிலில் காய்ந்து கிடந்த கல்லில் நிறம் இருந்தாலும் உயிர் இருக்காது. கோரலைன் காய்ந்தால் சாகும். செத்தபின் சில நாளில் வெளுத்து வெள்ளையாகிவிடும். சட்டத்தை மீறி எடுத்து வந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது இன்னொரு வெள்ளைக் கல்தான்.

அப்படியானால் விதைக்கு எங்கே போவது?

சிவப்புப் பாசிகளின் வித்துகளுக்கு நீந்தும் இழை கிடையாது. பச்சைப் பாசிகள் பலவற்றின் வித்து தானே நீந்திப் போகும். கோரலைன் வித்தோ நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்தில்தான் விழும். டயாட்டம் எனும் பழுப்புப் படிவும் பச்சைப் பாசியும் மீனோடு, நத்தையோடு, ஏன் ஈரக் கையோடுகூட வந்துவிடுகின்றன. கோரலைன் அவ்வளவு எளிதில் வராது. உயிரோடு இருக்கிற கோரலைனை யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காய்ந்த கல்லில் தொடங்கிய தொட்டிகளில் ஓராண்டு கழித்தும் நிறம் வராமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

உங்களுக்கு வேண்டியது முற்றிய தொட்டி வைத்திருக்கிற ஒரு நண்பர். பாலக்கோட்டிலிருந்து பெங்களூரு பக்கம்தான். ஓசூரைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்கள் நிறைய. சென்னை என்றால் கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஓடும் தொட்டியில் பின்கண்ணாடியும் பம்புகளும் கோரலைனால் மூடிக் கிடக்கும். அவர்களே வாரா வாரம் முன்கண்ணாடியைச் சுரண்டிக் குப்பையில்தான் போடுகிறார்கள். அந்தச் சுரண்டலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கையளவு போதும். கூடவே அவர்கள் தொட்டியில் ஊறிய செயற்கைக் கல் துண்டு ஒன்றோ, ஓட்டில் ஊதா படர்ந்த இரண்டு நத்தையோ தந்தால் இன்னும் நல்லது. ஓட்டில் கோரலைனைச் சுமந்து திரியும் நத்தையைப் போல ஊர் முழுக்க விதை தூவுகிற ஆள் வேறில்லை.

செதில்களை அவர்கள் தொட்டித் தண்ணீரிலேயே பாட்டிலில் போட்டு வாங்குங்கள். கல் துண்டு என்றால் உப்புத்தண்ணீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது, வெயில் படக் கூடாது. காரை வழியில் நிழலில் நிறுத்திச் சாப்பிடலாம்; பெட்டியைக் காருக்குள் பூட்டி வைக்காதீர்கள். கிருஷ்ணகிரிச் சாலையில் மத்தியான வெயிலில் பூட்டிய கார் என்ன சூடு ஏறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாங்கியவற்றில் வேண்டாத பூச்சிகள் ஏதும் ஒட்டி வந்திருக்கிறதா என்று ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சிறு கண்ணாடிக் குடை போல் நிற்கும் எய்ப்டேசியா என்ற கொடுக்குப் பூ ஒன்று வந்துவிட்டால் தொட்டி முழுவதும் பெருகும். பார்த்தபின் செதில்களை அந்தத் தண்ணீரிலேயே நன்றாக நுணுக்குங்கள். ஸ்கிம்மரையும் வடிகட்டும் பஞ்சையும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். வேவ் மேக்கர் ஓடட்டும். அதன் முன்னால் கலவையை மெல்ல ஊற்றினால் கல் இடுக்குகளுக்குள் போய்ச் சேரும். இதை ஒரு முறையோடு விடாமல், செதில் கிடைக்கிறபோதெல்லாம் செய்யலாம்.

ஆனால் விதைப்பதற்கு முன் தண்ணீரைச் சரிசெய்தாக வேண்டும். உங்கள் எண்களை மறுபடி பாருங்கள். இயற்கைக் கடல்நீரில் கால்சியம் 410-ஐ ஒட்டி, கே.எச். (கார அளவு) 7-ஐ ஒட்டி, மெக்னீசியம் 1280-ஐ ஒட்டி இருக்கும். உங்களிடம் 360, 6.2, 1100. மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன. தனித்தனியாக மூன்று பற்றாக்குறை ஒரே நேரத்தில் ஒரே அளவில் வராது. உங்கள் தொட்டியில் உப்பே குறைவு. அவ்வளவுதான். 1.023 என்பது ஆயிரத்துக்கு 31 பங்கு உப்பு, கடலில் 35. உப்பு அடர்த்தியை 1.026-க்குக் கொண்டு வந்தால் கால்சியம் தானாக 410-ஐத் தொடும், மெக்னீசியம் 1250-ஐ எட்டும், கே.எச். 7 ஆகும். கடைக்காரரின் பாட்டிலுக்கு இங்கே வேலையே இல்லை.

முதலில் உங்கள் ரிஃப்ராக்டோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை வைத்து சுழியத்துக்குத் திருப்பினால் போதாது. 35 பங்கு உப்புள்ள அளவுத் திரவம் விற்கிறார்கள், அதை வைத்துத் திருத்துங்கள். மிதவைக் கருவி என்றால் நம்பாதீர்கள். பிறகு, தினமும் ஆவியாகிற இரண்டரை லிட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் அல்லவா, அதற்குப் பதிலாக லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அடர்த்தி மெதுவாக ஏறிவிடும். மீனுக்கும் நத்தைக்கும் அதிர்ச்சி இருக்காது. 1.026 வந்ததும் மறுபடி வெறும் தண்ணீருக்குத் திரும்பிவிடுங்கள். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும்.

அதற்குப் பின் கே.எச். மட்டும் 8 வரை உயர்ந்தால் நல்லது. அதற்குச் சமையலறையில் இருக்கிற ஆப்ப சோடாவே போதும்; சோடியம் பைகார்பனேட் என்று மட்டும் அட்டையில் எழுதியிருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு சரக்குகள் கலந்திருக்கும். உங்கள் 160 லிட்டருக்கு ஒரு கே.எச். ஏற்ற 5 கிராம் வேண்டும். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் பலமாக இருக்கிற இடத்தில் விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கே.எச்.சுக்கு மேல் ஏற்றாதீர்கள். கால்சியம் பிற்காலத்தில் குறைந்தால் கால்சியம் குளோரைடு தனியாக, வேறு நேரத்தில். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் கண் முன்னே வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும்.

சில பேர் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் ரீஃப் டேங்குக்கு உலகம் முழுவதும் பயன்படுகிற முறைதான். கால்சியத்தையும் காரத்தையும் சரியான விகிதத்தில் சேர்த்துத் தரும். ஆனால் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். 12-க்கு மேல். மொத்தமாக ஊற்றினால் மீன் செத்துவிடும். இரவில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். உங்கள் தொட்டியில் இன்று கால்சியத்தைத் தின்ன ஆளே இல்லை. கோரலைன் நன்றாகப் படர்ந்து, வாரத்துக்கு ஒரு கே.எச்.சுக்கு மேல் குறையத் தொடங்கும்போது இதை யோசிக்கலாம். அதுவரை வாராந்திர நீர் மாற்றமே போதும்.

ஃபுளோரைடு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தருமபுரியின் பாறைகள் கிரானைட்டும் நைசும். அவற்றின் கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக இந்த மாவட்டம் பட்டது கொஞ்சமல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்கும் திட்டம் என்றுதான் பெயர். ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உங்கள் தொட்டிக்கு இது பிரச்சினை இல்லை. கடல்நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. குடிநீருக்கு நம் நாட்டில் உச்ச வரம்பு 1.5. கடல் உயிர்கள் அந்த அளவில் பிறந்து வளர்ந்தவை. ஆர்.ஓ. சவ்வும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

நம் ஊர்த் தண்ணீரில் உண்மையான சிக்கல் கடினத்தன்மையும் காரமும் நைட்ரேட்டும் சிலிகாவும்தான். லிட்டருக்கு 350 மில்லிகிராம் காரம் உள்ள போர் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலேயே கே.எச். 19-க்கு மேல் இருக்கிறது. கடையில் வாங்கும் உப்போ சுழியத் தண்ணீரில் கரைப்பதற்கென்று அளந்து செய்தது. அது தன் பங்குக்கு எட்டோ ஒன்பதோ சேர்க்கும். கூட்டிப் பார்த்தால் 27, 28 ஆகிவிடும். கால்சியம் எல்லாம் வாளியிலேயே சுண்ணாம்பாகப் படிந்து போகும்.

நீங்கள் ஆர்.ஓ. பயன்படுத்துவதால் அந்த அளவுக்கு மோசம் இல்லை. இருந்தும் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 70 என்பது அதிகம். வீட்டுக் குடிநீர் இயந்திரங்களில் டி.டி.எஸ். கட்டுப்படுத்தி என்று ஒரு திருகு இருக்கும். சுவைக்காகக் கொஞ்சம் வடிக்காத தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடுவது அதன் வேலை. சிலவற்றில் கனிமம் சேர்க்கும் குப்பியும் இருக்கும். குடிப்பவருக்கு நல்லது, ரீஃப் டேங்குக்கு ஆகாது. அந்தத் திருகுக்கும் குப்பிக்கும் முன்னாலேயே ஒரு குழாய் பிரித்து, டி.ஐ. (அயனி நீக்கும்) ரெசின் குப்பி ஒன்றின் வழியாக விட்டால் டி.டி.எஸ். சுழியத்துக்கு வரும். சிலிகாவும் அங்கேதான் நிற்கும். உங்கள் கல்லில் முதலில் படிந்த பழுப்பு டயாட்டம். அது சிலிகாவில்தான் ஓடு கட்டுகிறது. குப்பியில் ரெசின் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். தீர்ந்துபோன ரெசின் பிடித்து வைத்த சிலிகாவைத் திரும்ப விட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரம் 16 லிட்டர் நீர் மாற்றமும் ஆவியாகும் தண்ணீரும் சேர்த்தால் உங்களுக்கு வாரத்துக்கு 35 லிட்டர் தூய நீர் வேண்டும். அதற்கு ஆர்.ஓ. நூறு லிட்டருக்கு மேல் கழிவாகத் தள்ளும். தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற மாவட்டத்தில் அதைச் சாக்கடையில் விடுவது மனதுக்கு ஒப்பாது. ஒரு டிரம்மில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் வையுங்கள். உப்புக் கலந்த தொட்டித் தண்ணீரை மட்டும் செடிக்கோ தென்னைக்கோ ஊற்றாதீர்கள்.

பாஸ்பேட் 0.25 அதிகம். பாஸ்பேட் கூடினால் சுண்ணாம்புப் படிகம் வளர்வது தடைப்படும். பச்சைப் பாசியும் செழிக்கும். 0.1-க்குக் கீழே வந்தால் போதும். சுழியமாக்க முயலாதீர்கள்; சத்தே இல்லாத புதுத் தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி ஏறும், அது பச்சைப் பாசியைவிடப் பெரிய தலைவலி. உறைந்த தீனியைக் கரைத்த தண்ணீரோடு கொட்டாமல் வடிகட்டிப் போடுங்கள். இரண்டு கிளவுன் மீனுக்கு ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை தீனி தாராளம்.

காலை பி.எச். 7.8 என்பதற்கு மருந்து சன்னல். இரவில் ஆட்கள் தூங்கும் மூடிய அறையில் கரியமில வாயு கூடும். அது தண்ணீரில் கரைந்து பி.எச்.சைக் கீழே இழுக்கும். கோரலைன் ஓட்டில் இருக்கிற மெக்னீசியம் மிகுந்த கால்சைட்தான் சுண்ணாம்பு வகைகளில் அமிலத்துக்கு முதலில் கரைவது. கடல் அமிலமாகிவருகிறது என்று கவலைப்படும் அறிவியலாளர்கள் கோரலைனைத் தனியாகக் கண்காணிப்பதும் இதற்காகவே. சன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே இருந்து காற்று இழுக்கும்படி நீட்டிவிடுங்கள். பி.எச். ஏற்றும் பொடிகள் வேண்டாம்.

விளக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பளீரென்ற வெள்ளை ஒளியில் கோரலைன் வெளுக்கும். சிவப்புப் பாசியின் நிறமி நீல, பச்சை ஒளியைப் பிடிக்கத் தகுந்தது. பகாமாஸ் தீவுகளருகே 268 மீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய இருட்டில், கோரலைன் வாழ்வதை 1984-இல் நீர்மூழ்கிக் கலத்தில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். நீலத்தைக் கூட்டி, வெள்ளையைப் பாதிக்கும் கீழே குறைத்து, நாளுக்கு ஒன்பது பத்து மணி நேரம் போதும். முதல் புள்ளிகள் பெரும்பாலும் பம்பின் பிளாஸ்டிக்கிலோ, பின்கண்ணாடியின் அடியிலோ, கல்லின் நிழல் பக்கத்திலோதான் வரும். பின்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் இனி சுரண்டாதீர்கள். முன்பக்கம் மட்டும் துடைத்தால் போதும்.

சித்திரை, வைகாசி வெயில் பெரிய சோதனை. வெளியே 38 டிகிரி போகும்போது தொட்டி 30-ஐத் தாண்டிவிடும். மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் கூட்டமாக வெளுத்தன. தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சிறு விசிறி வீசினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவதும் அதே அளவுக்குக் கூடும், நிரப்புவதை மறக்கக் கூடாது. வசதி இருந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கட்டாயம்.

எவ்வளவு நாள் ஆகும்? விதை போட்டுத் தண்ணீர் நிலையாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் குண்டூசித் தலை அளவு இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஓரம் மாதத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். கல் முழுக்கப் போர்த்த ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் சிவப்பாக ஏதாவது ஒரே வாரத்தில் மணல் மேல் விரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். விரலால் தொட்டால் தோலாக உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. கோரலைனை நகத்தால் எடுக்க முடியாது.

பாட்டில் மருந்து பற்றிக் கடைசியாக. அவற்றில் பெரும்பாலானவை கால்சியம், ஸ்ட்ரான்சியம், அயோடின் கலந்த திரவங்கள். கால்சியம் உங்கள் உப்பிலேயே இருக்கிறது. ஸ்ட்ரான்சியம், அயோடின் இரண்டையும் அளக்காமல் ஊற்றுவது ஆபத்து. உயிருள்ள வித்து என்று விற்கும் பாட்டில்களும் உண்டு. நம் வெயிலில் லாரியில் வந்து கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்தபின் அதில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்கு டி.ஐ. குப்பியும் நல்ல கே.எச். டெஸ்ட் கிட்டும் வாங்குங்கள். கே.எச்.சை வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். எட்டோ எட்டரையோ, ஏதோ ஓர் எண்ணில் அது அசையாமல் நிற்பதுதான் முக்கியம்.

கல் வாங்க வேண்டி வந்தால் செயற்கைக் கல்லாகப் பார்த்து, எங்கிருந்து வந்தது என்று எழுதிய பில்லோடு வாங்குங்கள். “மண்டபத்துக் கல், உயிரோடு இருக்கிறது” என்று யாராவது ரகசியமாக விலை சொன்னால் வாங்காதீர்கள். வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.